கப்பலுக்குப் போன கோச்சி

அலாஸ்கா கப்பலுக்கு முழுக்காசும் கட்டி முடித்து இரண்டாம் கிழமைதான் அம்மாவின் காதுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். நடுக்காதில் செய்கிற வேலை. "ஆறு கிழமைக்கு விமானம் ஏறவேண்டாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். கப்பல் ஏறலாமா என்று கேட்டேன். அதற்குப் பிரச்சினையில்லை, பறக்கத்தான் கூடாது என்றார். எங்கள் வீடு ஸ்காபரோவில். கப்பல் வெளிக்கிடுவது வன்கூவரில். நடுவில் கிட்டத்தட்ட முழுக் கனடாவும் கிடக்கிறது.

அம்மாவை அண்ணா வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அம்மாவே அதைத்தான் சொன்னா. "நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கேன் கப்பல்?" பிள்ளைகள் இரண்டும் ஒரே பிடி. அம்மம்மா வராவிட்டால் தாங்களும் வரமாட்டார்களாம். மூத்தவளுக்குப் பதினொரு வயது, இளையவனுக்கு எட்டு. காது நோவுக்குத்தான் அம்மா பின்னடிக்கிறா என்று நினைத்து நான் ரெயில் அட்டவணையைத் திறந்தேன். திரும்பி வரும்போது ஆறு கிழமை தாண்டிவிடும், விமானத்தில் வரலாம். போவதற்கு மட்டும் ரெயில்.

ரொறன்ரோ யூனியன் ஸ்ரேஷனிலிருந்து வன்கூவருக்கு ஓடுகிற ரெயிலுக்குக் 'கனேடியன்' என்று பெயர். 4,466 கிலோமீற்றர், நாலு இரவு. கிழமைக்கு இரண்டே தரம். பெட்டிகள் 1955ஆம் ஆண்டில் இந்த ரெயில் தொடங்கிய காலத்தின் துருப்பிடிக்காத உருக்குப் பெட்டிகள். அம்மாவைவிட ஐந்து வயதுதான் குறைவு.

எங்கள் கப்பல் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு. நாங்கள் பார்த்த அட்டவணைப்படி புதன் காலை ரொறன்ரோவில் ஏறினால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வன்கூவரில் இறங்கலாம். இவருக்குச் சரியான சந்தோசம். "எட்டு மணித்தியாலம் கையில இருக்கு. குளிச்சு, சாப்பிட்டு, ஆறுதலாப் போய் ஏறலாம். ஹொட்டேல் காசும் மிச்சம்." நானும் வாங்குகிற பொத்தானை அமத்தப் போனேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. வந்து சேருகிற அன்றைக்கே வேறு பயணத்தை ஒழுங்குசெய்ய வேண்டாம் என்று ரெயில்காரரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால், அந்தத் தண்டவாளம் பெரும்பாலும் பயணிகள் ரெயிலுக்குச் சொந்தமானது இல்லை. சரக்கு ரெயில்களுடையது. கனதூரத்துக்கு ஒற்றைப் பாதைதான். எதிரே ஒன்று வந்தால் யாராவது ஒதுங்கவேண்டும். ஒதுங்குவதற்கென்று ஆங்காங்கே ஒரு கிளைப்பாதை போட்டிருக்கிறார்கள். இன்றைய சரக்கு ரெயில்கள் மூன்று கிலோமீற்றருக்கு மேலும் நீளமாக வருகின்றன. பல கிளைப்பாதைகளுக்குள் அவை அடங்காது. அடங்குவது பயணிகள் ரெயில்தான், ஆகவே ஒதுங்குவதும் அதுதான். இதில் ஆரையும் குறை சொல்லி வேலையில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் ஒதுங்கினால் நாலு நாளில் எவ்வளவு பிந்தும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இவர் விடவில்லை. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய் ஏறலாமே என்றார். ஏறலாம், கப்பல்காரர் விட்டால். ஆனால் கெச்சிக்கனுக்கோ ஜூனோவுக்கோ காரில் போக முடியாது. விமானத்தில்தான் துரத்திப் பிடிக்கவேண்டும். அம்மாவோ பறக்கக்கூடாது. (சியாட்டிலில் தொடங்கிச் சியாட்டிலிலேயே முடிகிற கப்பல் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆளை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக்கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நடுவழியில் அலாஸ்காவில் ஏறினால் அதில் மாட்டுப்படும்.)

விசயம் என்னவென்றால், நாங்கள் வாங்குவது இரண்டு ரிக்கற். ரெயில்காரருக்கு எங்களுக்கு ஒரு கப்பல் இருப்பது தெரியாது. கப்பல்காரருக்கு நாங்கள் ரெயிலில் வருவது தெரியாது. இரண்டுக்கும் இடையில் கிடக்கிற நேரத்துக்குப் பொறுப்பு நாங்கள் மட்டும்தான். பயணக் காப்புறுதி இருக்கிறதே என்பீர்கள். அதை வாங்க முன் தாமதம் பற்றிய பகுதியை ஒருக்கால் முழுதாக வாசியுங்கள். இரண்டு பயணத்துக்கும் நடுவில் குறைந்தது இத்தனை மணித்தியாலம் விட்டிருக்கவேண்டும் என்று சிலவற்றில் எழுதியிருக்கும். அதைவிடக் குறைவாக விட்டால் காசு வராது.

ஆகவே புதன் ரெயிலை விட்டு, அதற்கு முந்தின ஞாயிறு ரெயிலை எடுத்தோம். வியாழன் காலை போய்ச் சேரவேண்டும். கப்பலுக்கு மூன்று நாள் இடைவெளி. கோடைகாலத்து வன்கூவரில் ஐந்து பேருக்கு மூன்று இரவு ஹொட்டேல் என்றதும் இவருடைய முகம் போன போக்கைச் சொல்லத் தேவையில்லை.

இருக்கை மட்டும் எடுத்தால் மலிவு. எழுபத்தைந்து வயதில் நாலு இரவு இருந்துகொண்டு போக முடியுமா? அம்மாவுக்கு ஒற்றை அறை எடுப்போம் என்று முதலில் நினைத்தோம். நல்லகாலம், விசாரித்தோம். அந்த அறையில் இரவு கட்டிலை இறக்கினால் கழிவறை அதற்குக் கீழே போய்விடும். இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புகிற ஆட்களுக்கு அது சரிவராது. அதனால் எல்லாருக்கும் திரை போட்ட படுக்கைதான் எடுத்தோம். பகலில் எதிரெதிராக இரண்டு இருக்கை. இரவில் உத்தியோகத்தர் வந்து அதையே கீழ்ப்படுக்கை, மேல்படுக்கை என்று மாற்றிவிட்டுப் போவார். அம்மாவுக்குக் கீழே, கழிவறைக்குக் கிட்ட. பிள்ளைகளுக்கு மேலே ஏறுகிற ஏணிதான் முழுப் பயணத்திலும் பெரிய விளையாட்டு. பெரிய பெட்டிகளை ஸ்ரேஷனிலேயே பொதிப் பெட்டிக்குக் கொடுத்துவிடவேண்டும், பிறகு வன்கூவரில்தான் கையில் கிடைக்கும். ஆகவே குளிசை, கண்ணாடி, இரண்டு மாற்றுடுப்பு, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில். குளிசையை ஒரு கிழமைக்குக் கூடுதலாகவே எடுத்துவையுங்கள்.

முதல் நாள் பின்னேரம் சட்பரி தாண்டியதும் தொலைபேசி அடங்கிவிட்டது. ரெயிலிலும் இணையம் இல்லை. பிள்ளைகள் முதல் இரண்டு மணித்தியாலம் பட்ட பாட்டை எழுதினால் எங்கள் வளர்ப்பைத்தான் குறை சொல்வீர்கள். பிறகு கண்ணாடிக் கூரை போட்ட மாடிப்பெட்டியைக் கண்டுபிடித்து அங்கேயே குடியிருந்தார்கள். நான் ஒன்ராரியோவில் பிறந்து வளர்ந்தவள். ஒன்ராரியோவை விட்டு வெளியே போக ஒரு முழு நாளுக்கு மேல் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. குளம், பைன் மரம், பாறை. பிறகும் குளம், பைன் மரம், பாறை.

ஹோர்ன்பெய்ன் தாண்டி இரண்டாம் நாள். காட்டு நடுவில் ரெயில் நின்றது. பத்து நிமிசம், அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். கடைசியில் எதிரே சரக்கு ரெயில் வந்தது. இளையவன் பெட்டிகளை எண்ணத் தொடங்கி நூற்றறுபதில் விட்டுவிட்டான். அது போய் முடிந்தும் நாங்கள் அசையவில்லை. பின்னால் இன்னொன்று வருகிறதாம். அவனுக்கு முகம் மாறிவிட்டது.

"அம்மம்மா, ஷிப் எங்களை விட்டிட்டுப் போயிடுமா?"

அம்மா பருத்தித்துறை வடைப் பையைத் திறந்து அவனுக்கு ஒன்றைக் கொடுத்தா. "அந்தக் காலத்திலை கோச்சி பிந்தினால் கப்பல் நிண்டதடா. கோச்சி வராமல் அது வெளிக்கிடாது."

"கோச்சியோ?" அவனுக்குத் தெரிந்தது ஹொக்கி கோச் மட்டும்தான். கோச் பிந்தினால் கப்பல் ஏன் நிற்கவேண்டும் என்று கேட்டான். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் ரெயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள் என்று நான் விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு பயணம் முடியும்வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது கோச்சிதான்.

அம்மா சொன்ன கோச்சி தலைமன்னாருக்குப் போனது. 1962இல் அவவுக்குப் பன்னிரண்டு வயது. அவவின் அப்பாவுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு நேர்த்தி. சாவகச்சேரியில் ஏறி, மதவாச்சியில் மாறி, மன்னார்ப் பக்கம் போகிற ரெயிலில் கடைசிவரைக்கும் இருந்தால், அது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற இறங்குதுறையிலேயே போய் நிற்குமாம். இறங்கிக் கொஞ்சத்தூரம் நடந்தால் கப்பல். அந்தப் பக்கம் தனுஷ்கோடியிலும் அப்படியே, இறங்குதுறையில் ரெயில் காத்துக்கொண்டு நிற்கும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தொடங்கிய சேவை அது. போட் மெயில் என்று சொல்வார்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் வரைக்கும் ரெயிலும் கப்பலும் ரெயிலுமாக ஒரே ரிக்கற். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனதோடு அந்த வழி முடிந்தது.

ஒரே ரிக்கற் என்றபடியால்தான் கப்பல் நின்றிருக்கிறது. இவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூத்தவள் கேட்டாள்: "அதுக்குப் பிறகு நீங்கள் ஷிப்பில போகவே இல்லையா, அம்மம்மா?"

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தா. வெளியே பார்க்க ஒன்றுமில்லை, அதே பைன் மரங்கள்தான். "போனனான். ஒருக்கா."

'எண்பத்திமூண்டிலை கப்பலிலை ஊருக்கு வந்தனாங்கள்.' இந்த ஒரு வசனம் எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு முகாம்களில் இருந்த சனத்தைக் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள் என்பது நான் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. அதற்குமேல் அம்மா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் பிறந்தது இங்கே, 1987இல். அது எனக்கு முந்தின கதை என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னா. அண்ணாவுக்கு அப்போது நாலு வயது. ஏற்றியது பயணிகள் கப்பல் இல்லை, சரக்குக் கப்பல். படுக்க இடமில்லை, இரும்புத் தளம். பகலில் சுடும், இரவில் குளிரும். கட்டியிருந்த சேலையைத் தவிர வேறு உடுப்பு இல்லை, தலைப்பால் அண்ணாவைப் போர்த்தினாவாம். பக்கத்தில் ஒரு மனுசி கையில் வீட்டுத் திறப்புக்கோர்வையைப் பொத்திக்கொண்டே இருந்தாவாம். "வீடு எரிஞ்சு போச்சு, திறப்பை மட்டும் விடேல்லை." அப்பா வாந்தியெடுத்துக்கொண்டே வந்தார். காங்கேசன்துறையில் இறங்கினதும் ஆரோ பாணும் பிளேன்ரீயும் கொண்டுவந்து தந்தார்கள். இவ்வளவும் சொல்லி முடிய, ரெயில் ஒரு உலுப்பு உலுப்பி வெளிக்கிட்டது. சாப்பாட்டுப் பெட்டிக்கு இரண்டாவது பந்திக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா வடைப் பையை முடிந்து வைத்துவிட்டு எழும்பினா.

மூத்தவள் அன்றிரவு மேலே போய்ப் படுக்கவில்லை. அம்மம்மாவின் படுக்கையில் இடுக்கிக்கொண்டு கிடந்தாள். திரையை விலக்கி நான் மெதுவாகக் கேட்டேன்: "அம்மா, உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. நானும் நீங்களும் வன்கூவரிலை நிப்பம், அவையள் போட்டு வரட்டும்."

"காசு கட்டியாச்செல்லே" என்றா.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வினிபெக்கில் இறங்கிக் கால் நீட்டினோம். சஸ்கச்சுவான் முழுக்க வானம்தான். வழியில் மூன்று தரம் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பச் சொன்னார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டா. பிரஷர்க் குளிசை ரொறன்ரோ நேரத்துக்குத்தான் போடவேண்டுமாம். ஜஸ்பரை நெருங்கும்போது 2024 காட்டுத்தீயில் கருகி நிற்கிற மரங்களைப் பார்த்தோம், அங்கே ஒருவரும் கதைக்கவில்லை. ஜஸ்பர் தாண்டிக் கொஞ்சநேரத்தில் வலப்பக்கம் ரொப்சன் மலை வரும். 3,954 மீற்றர், கனேடிய ரொக்கி மலைகளில் அதுதான் உயரம். மேற்கே போகிறவர்கள் வலப்பக்கமாக இருங்கள். எங்களுக்கு முகில் மறைத்துக்கொண்டது. இவர் பதினைந்து நிமிசம் முகிலைப் படம் பிடித்தார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு வரவேண்டிய நாங்கள் வன்கூவரில் இறங்கியபோது இரவு ஒன்பது மணி. பதின்மூன்று மணித்தியாலம். ரெயிலில் ஒருவரும் பெரிதாகக் கோபப்படவில்லை, உத்தியோகத்தர்கள் கடைசிவரைக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். எங்களுக்கு அது ஒரு இரவுத் தூக்கம் பிந்தியது மட்டும்தான். புதன் ரெயில் அந்த ஞாயிறு எத்தனை மணிக்கு வந்தது என்று இவர் தேடிப் பார்த்தார் என்று தெரியும். என்ன கண்டார் என்று எனக்குச் சொல்லவில்லை.

ரெயில் ஸ்ரேஷனுக்கு எதிரிலேயே ஸ்கைரெயின் இருக்கிறது, நாலாவது தரிப்பு வோட்டர்ஃபிரண்ட். அங்கிருந்து கப்பல் துறை கூப்பிடு தூரம். பொதி குறைந்தவர்களுக்கு நல்லது. வயதான ஆட்களோடும் ஐந்து பெரிய பெட்டியோடும் வருகிறவர்கள் பேசாமல் ரக்சி பிடியுங்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க எல்லாரும் நித்திரை. அம்மாவுக்குப் படுக்கை இன்னும் ஆடிக்கொண்டிருந்ததாம். சனிக்கிழமை கனடா பிளேஸுக்கு நடந்து போனோம், வெள்ளைப் பாய்மரக் கூரையைப் பார்க்க. 1986 உலகக் கண்காட்சிக்குக் கட்டியது. அங்கிருந்து கடலோரமாக மேற்கே நடந்தால் கோல் ஹாபரில் கொமகாட்டா மாரு நினைவிடம் வரும். 1914 மே மாதம் 376 பேரோடு வந்த கப்பல் அது. பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். இருபது பேர் வரையில்தான் இறங்க விட்டார்கள். இரண்டு மாதம் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். போட் மெயில் தொடங்கின அதே வருசம். மூத்தவள் பலகையை வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். 'திருப்பி அனுப்பினவை' என்று அவள் சொன்ன தமிழ் எனக்கே புதுசு, நாலு நாளில் அம்மம்மாவிடம் பிடித்தது. 2010இல் இந்தக் கரைக்கே 'சன் சீ' என்ற கப்பலில் எங்கட ஆட்கள் 492 பேர் வந்ததை நான் சொன்னேன். கன பேரை மாதக்கணக்காகத் தடுப்பில் வைத்திருந்ததையும் சொன்னேன். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றா. இளையவனுக்குப் பசி. அந்த மூன்று நாள் ஹொட்டேல் காசைப் பற்றி இவர் பிறகு கதைக்கவில்லை.

கடதாசி விசயம் ஒன்று. வன்கூவரில் கப்பல் ஏற முன்னமே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை முடிந்துவிடும். கனடாக் கடவுச்சீட்டு இருந்தால் பிரச்சினையில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்து நிரந்தர வதிவிட அட்டையோடு இருக்கிற மாமியாரையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போவதென்றால், இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். 'கனடாவிலதானே ஏறுறம்' என்று நினைத்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் வரிசையிலிருந்து விலகிப் போனதைப் பார்த்தோம். அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளைகளோடு தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் போனால், மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். சமைத்த சாப்பாடு, பழம், இறைச்சி ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். மிச்சப் பருத்தித்துறை வடையை வரிசையில் நின்றபடியே ஐந்து பேருமாகச் சாப்பிட்டு முடித்தோம்.

கப்பலுக்குள் போனதும் அம்மா அறைக்கு வரவில்லை. முதலில் மேல்தளம் எங்கே என்று கேட்டா. கூட்டிக்கொண்டு போனோம். மரப்பலகை போட்ட தளம், வரிசையாகச் சாய்கதிரை. குனிந்து பலகையை ஒருக்கால் தொட்டுப் பார்த்தா. பிறகு ஒரு கதிரையில் இருந்து, காலை நீட்டி, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தா. இளையவன் பக்கத்தில் போய் ஏறிக்கொண்டான்.

லயன்ஸ் கேற் பாலத்துக்குக் கீழே போகும்போது எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கப்பலின் புகைபோக்கி முட்டிவிடும் போல இருந்தது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அலாஸ்கா நேரத்துக்கு இன்றிரவு இன்னொரு மணித்தியாலம் பின்னுக்கு.

"இன்னுமோ?" என்றா அம்மா. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தரமாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி இளையவனிடம் கொடுத்தா. "நாலு மணித்தியாலம் திருப்படா." திருப்பிக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினா.

"அப்ப இரவுக் குளிசையை இனி எத்தினை மணிக்குப் போடுறது?"